மயில்துத்தம்

ஒரு படி மைதாவுக்கு ஒரு சிட்டிகை மயில்துத்தம்.
இல்லாவிட்டால் கரப்பான்பூச்சி
இரவோடு இரவாக
கோரிக்கைகளைத் தின்றுவிடும்.
என் அரசியல் அங்கேதான் தொடங்கியது,
எழுபத்தெட்டில், ஓட்டேரியில்,
ஒரு மொட்டைமாடி ஸ்டவ்வில்
அடிப்பிடித்த வாளியில்.

டிரங்க் கால் போட்டுக்கொடுக்கும் வேலை.
ஹெட்செட் காதுமடலை அறுக்கும்.
நடு இரவில் ஷிப்ட் முடிகிற பெண்களுக்கு
வண்டி வேண்டும் என்று முதல் சுவரொட்டி.
அச்சகத்தில்
"வண்டு வேண்டும்" என்று கோத்துவிட்டார்கள்.
வேறு காசில்லை.
வண்டு கேட்டு வடசென்னை முழுக்க ஒட்டினோம்.
ஏழு மாதம் கழித்து வேன் வந்தது.
இவ்வளவுதான் என்று நினைத்தேன்,
கேட்டால் போதும், எழுத்துப்பிழையோடு கேட்டாலும்.

சங்க அலுவலகத்தில்
தோழர் தேவசகாயம் பெண்விடுதலை பேசுவார்.
நன்றாகப் பேசுவார்.
நடுவில் என் பக்கம் திரும்பி
"தோழர், ஆறு டீ" என்பார்.
போய்ச் சொல்லிவிட்டு வருவேன்.
எந்த மாநாட்டுத் தீர்மானத்திலும் ஏறாத அதை
இங்கே எழுதிவைக்கிறேன்:
ஆறு டீ, வாரம் மூன்று நாள், பதினோரு வருடம்.

சங்கம் இரண்டாக உடைந்தபோது
பீரோ அவர்களிடம் போனது.
சாவி எங்களிடம்.
இரண்டு வருடம்
ரசீதுப் புத்தகங்கள் உள்ளே கிடந்தன,
நாங்கள் வெளியே
எது சரியான பாதை என்று கத்திக்கொண்டிருந்தோம்.

பிறகு ஒரு டிசம்பர்.
தூரத்து நகரம் ஒன்றில் அந்தக் கொடி இறங்குவதை
அண்ணாநகர் மாமா வீட்டுக் கலர் டிவியில் பார்த்தேன்.
மாமா ஒன்றும் சொல்லாமல் மிக்சர் தட்டை நீட்டினார்.
வாங்கிக்கொண்டேன்.
பசித்தது.

ரவூஃபைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
ராயபுரம் பதிவு அலுவலகம், இரண்டு மாலை, மூன்று சாட்சி.
அம்மா ஒன்பது வருடம் பேசவில்லை.
வாடகைக்கு வீடு பார்க்கப் போகும்போதெல்லாம்
நானே பேசுவேன்,
தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை,
அட்வான்ஸ் எவ்வளவு,
எல்லாம் முடித்துவிட்டு
அவர் பெயரைக் கடைசியில் சொல்வேன்.
அதற்கு நான் வைத்த பெயர் தந்திரம்.
மேடையில் வேறு மாதிரிப் பேசினேன்.
அவர் மாடிப்படியில் நின்று
செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார்.
இறந்து நான்கு வருடமாகிறது.
மன்னிப்புக் கேட்க ஒரு முகவரியும் இல்லை,
நாங்கள் மாற்றிய வீடுகளோ பதினான்கு.

போன ஐப்பசியில்
மண்டல அலுவலக வாசலில்
குப்பை அள்ளுகிறவர்கள் உட்கார்ந்தார்கள்.
ஒப்பந்தக்காரர் மாறிவிட்டாராம்,
நேற்றுவரை செய்த வேலை இன்று இல்லையாம்.
பழக்கதோஷம், துண்டறிக்கை எழுதிக்கொண்டு போனேன்.
டில்லிராணி வாங்கி வாசித்தாள்.
முதல் வரியிலேயே நிறுத்தினாள்.
"அடித்தட்டு மக்களாமே, யாருக்கா அது?"
மழைத் தார்ப்பாயின் கீழே எல்லோரும் சிரித்தார்கள்.
"எங்களுக்குப் பேரு கீதுக்கா.
பஸ்ட்டு பேரப் போடு.
அப்பால எவ்ளோ சம்பளம் புடிச்சாங்கன்னு போடு."

நாற்பத்தேழு வருடத்து வார்த்தையை
ஒரே கோட்டில் அடித்தேன்.
இருநூற்றுப் பதினாலு பெயர்கள்.
எழுதி முடிக்க ராத்திரி ஒன்றரை.

யாராவது மைக்கில் நம்பிக்கை என்று ஆரம்பித்தால்
இப்போதெல்லாம் நான் செருப்பைத் தேடுகிறேன்.
ஆனால் எனக்கு வேண்டியது இருக்கிறது.
ஒரு சாக்கடைக்குள்ளும்
ஒரு ஆள் இறங்காத ஒரு மழைக்காலம்.
பெயரை முதலில் கேட்டுவிட்டு
வாடகையை மட்டும் சொல்கிற
ஒரு வீட்டுக்காரர்.
பெரிதாக ஒன்றுமில்லை பாருங்கள்.
பெரிதாகத்தான் இருக்கிறது.

போனில் அனுப்பினால் போதாதா என்றேன்.
"சுவத்துல வேணும்," என்றாள்,
"எங்க தெருவே நின்னு படிக்கணும்."

காலையில் நாட்டுமருந்துக் கடைக்குப் போனேன்.
மயில்துத்தம் கேட்டதும்
பையன் என் நரையைப் பார்த்தான்,
தனியாக வந்திருப்பதைப் பார்த்தான்.
"எதுக்கும்மா?" என்றான், பொட்டலத்தைக் கொடுக்காமல்.

"பூச்சிக்கு" என்றேன்.
பொய்யில்லை.